ஒரு நூலுக்கு இரண்டு ஆண்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

வரும் செமஸ்டரில் பிற்கால பிரிட்டிஷ் இலக்கிய வரலாற்றுத் தாள் உனக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சி. வேர்ட்ஸ்வொர்த் தொடங்கி நம் காலம்வரை இருநூறு ஆண்டுகளைச் சில மாதங்களில் எப்படி முடிப்பது என்று கேட்டிருக்கிறாய். முடிக்க முடியாது. முடித்ததுபோல் காட்டலாம்: ரொமான்டிக், விக்டோரியன், மாடர்ன் என்று பெட்டி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு இயல்புகளை நோட்ஸாகக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேறிவிடுவார்கள். அந்த வழிக்குப் போகாதே.

எந்தப் படைப்பை எடுத்தாலும் கரும்பலகையில் இரண்டு ஆண்டுகளை எழுது. ஒன்று, அது எழுதப்பட்ட ஆண்டு. மற்றது, அச்சாகி வாசகர் கைக்கு வந்த ஆண்டு. பெரும்பாலும் இரண்டும் ஒட்டியே இருக்கும். ஒட்டாத இடத்தில்தான் உன் பாடம் இருக்கிறது.

வேர்ட்ஸ்வொர்த் ‘தி பிரெலூட்’ நெடுங்கவிதையை 1805-இலேயே 13 காண்டங்களாக எழுதி முடித்திருந்தார். பிறகும் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் இறந்த 1850-இல்தான் அது 14 காண்டங்களாக வெளிவந்தது. டென்னிசனின் ‘இன் மெமோரியம்’ வந்ததும் அதே ஆண்டு. புரட்சிக்கால பிரான்சில் திரிந்த இளைஞனின் நினைவுகள் ரயிலில் போகும் தலைமுறையின் கைக்கு வந்து சேர்ந்தன. இதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று வகுப்பைக் கேள். ஹாப்கின்ஸ் 1889-இல் இறந்தார். அவர் கவிதைகளை நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் தொகுத்து வெளியிட்டது 1918-இல். விக்டோரியா காலத்துப் பாதிரியார் ஒருவர், எலியட் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் புதுக் கவிஞராக வந்து நின்றார். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை 1913–14-இல் எழுதினார். ஆணும் ஆணும் காதலிப்பது அப்போது சட்டப்படி குற்றம். நாவல் வெளிவந்தது 1971-இல், அவர் இறந்த மறு ஆண்டு.

ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைப் போடு: இடையில் நின்று தடுத்தது யார்? எழுதியவரின் தயக்கமா, சட்டமா, அக்கால ரசனையா? மாணவர்கள் விடை தேடும்போது சமூக வரலாறு தானாக உள்ளே வரும். அதற்கென்று தனி உரை வேண்டாம்.

நூல்களைக் குறை. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நாவலும் சில கவிதைகளும் போதும். கவிதையை விளக்குவதற்கு முன் முழுவதும் உரக்க வாசி. நாவலுக்குக் கதைச்சுருக்கம் சொல்லாதே. டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’ 1854-இல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஒரு வாரத்துப் பகுதியை மட்டும் வகுப்பில் படித்துவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று எழுதச் சொல். மீதியை அவர்களே தேடிப் படிப்பார்கள்.

“தேர்வுக்கு என்ன சார் படிக்கிறது?” என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தப் பெட்டிகளின் பெயரையும் இயல்புகளையும் கடைசி வாரத்தில் கொடு. அதற்குள், அவற்றில் அடங்காத நாலு உதாரணங்களாவது அவர்கள் கையில் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்