சூனியத்திலிருந்து பிரபஞ்சம் வருமா?

கேள்வி: இல்லாததிலிருந்து எதுவும் வராது என்று கேட்டே வளர்ந்தவன் நான். பிரபஞ்சமே ஒன்றுமில்லாததிலிருந்து தோன்றியிருக்கலாம் என்று இயற்பியலாளர்கள் சொல்கிறார்களாமே? ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று பள்ளியில் படித்தது என்ன ஆயிற்று?

- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பள்ளியில் படித்ததற்கு ஒரு குறையும் வரவில்லை. பொருள் புதிதாகப் பிறப்பதைப் படமே எடுத்திருக்கிறார்கள். துகள்கள் போன தடத்தைக் குமிழிகளாகக் காட்டும் பழைய குமிழிக்கலப் படங்களைப் பாருங்கள். எதுவும் இல்லாத இடத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பி, காந்தப்புலத்தில் ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சுருண்டு போகும். ஒன்று எலக்ட்ரான், இன்னொன்று அதன் எதிர்த்துகளான பாசிட்ரான். அங்கே வந்து இந்த ஜோடியாக மாறிய காமா கதிருக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் அது தடம் பதிக்கவில்லை. அந்தக் கதிரிடம் குறைந்தது 10 லட்சத்து 22 ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இருந்தால்தான் இந்த ஜோடி பிறக்கும். இனாமாக எதுவும் வரவில்லை.

அப்படியென்றால் பிரபஞ்சத்துக்கான ஆற்றலை யார் கொடுத்தது? ஈர்ப்பு விசையால் பிணைந்த இரண்டு பொருள்களைப் பிரிக்க ஆற்றல் செலவழிக்க வேண்டும். ஆகவே அந்தப் பிணைப்பு கணக்கில் கடனாக நிற்கிறது; பொருளின் ஆற்றல் வரவு. இரண்டும் நேராகிவிட்டால் மொத்தம் பூஜ்யம். ஒரு நட்சத்திரமே இப்படிப் பிறக்கலாம் என்ற இயற்பியலாளர் பாஸ்குவல் ஜோர்டானின் யோசனையை, இன்னொரு இயற்பியலாளரான ஜார்ஜ் காமோவ் ஒருநாள் நடந்துகொண்டே ஐன்ஸ்டைனிடம் சொன்னார். தெருவைக் கடந்துகொண்டிருந்த ஐன்ஸ்டைன் அப்படியே நின்றுவிட்டாராம். வந்த கார்களும் நிற்கவேண்டியதாயிற்று என்று காமோவ் எழுதியிருக்கிறார். 1973-ல் எட்வர்ட் டிரையான் இதைப் பிரபஞ்சம் முழுவதற்கும் நீட்டினார்: நாம் இருப்பதே வெற்றிடத்தின் ஒரு குவாண்டம் சலனமாக இருக்கலாம் என்றார். தனக்குள்ளேயே வளைந்து மூடிய பிரபஞ்சத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நம்முடையது மூடியதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஆனால் வெற்றிடம் சூனியம் அல்ல. மின்னூட்டமில்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-ல் ஹெண்ட்ரிக் கசிமிர் கணித்தார். 1997-ல் ஸ்டீவ் லாமொரோ அந்த விசையைத் துல்லியமாக அளந்தார். தகடுகளுக்கு நடுவே காற்றுகூட வேண்டாம், புலங்கள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. 1982-ல் அலெக்சாண்டர் விலென்கின் இன்னும் துணிந்து, இடமும் காலமும்கூட இல்லாத நிலையிலிருந்து பிரபஞ்சம் பிறக்க ஒரு கணக்குப் போட்டார். அதற்கும் குவாண்டம் விதிகள் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். அவை எங்கிருந்து வந்தன? பிரபஞ்சம் சூனியத்திலிருந்து வரலாம் என்று வாதிட்ட இயற்பியலாளர் லாரன்ஸ் கிராஸின் 2012 நூலுக்கு எதிராகத் தத்துவ அறிஞர் டேவிட் ஆல்பர்ட் இதைத்தான் எழுப்பினார். நியாயம் அவர் பக்கம் என்பதே என் கருத்து. நீங்கள் கேட்டு வளர்ந்ததை இயற்பியல் இன்னும் பொய்யாக்கிவிடவில்லை.

என்னை அதிகம் படுத்துவது இன்னொரு கேள்வி. பொருளும் எதிர்ப்பொருளும் ஜோடியாகவே பிறக்குமென்றால், அந்த எதிர்ப்பொருள் எங்கே போயிற்று? ஆதியில் சுமார் 100 கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் பொருள் கூடுதலாக இருந்தது. மற்றதெல்லாம் மோதி ஒளியாகிவிட, அந்த மிச்சம்தான் நட்சத்திரங்களும் நாமும். அந்த ஒன்று ஏன் கூடியது என்பதற்கான தடயத்தை ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலும் ஜப்பானின் சுகுபாவில் உள்ள ஆய்வகத்திலும் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.