மாமியார் சொல்வது பாதி சரி

கேள்வி: கர்ப்பத்தில் வந்த சர்க்கரை, குழந்தை பிறந்ததும் நார்மலாகிவிட்டது. இனி டெஸ்ட் எதற்கு என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?

பதில்: நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்தியதால் ஏறிய சர்க்கரை, நஞ்சு விழுந்ததும் இறங்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் கணையம் அந்தச் சுமைக்குத் திணறியது தெரிந்துவிட்டதே! பிற்காலத்தில் டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அது வராவிட்டாலும் இதய நோய் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல்தான்.

பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்தும் ரத்தம் கொடுங்கள். பிறகு வருடம் ஒருமுறை. பிரசவ லேகியத்தை, கருப்பட்டிதானே என்று அள்ளிச் சாப்பிடாதீர்கள், அதுவும் சர்க்கரையே. தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள், உங்களுக்கும் நல்லது. அடுத்த குழந்தை என்றால் கருத்தரிக்கும் முன்பே டெஸ்ட் செய்யுங்கள். ஏனென்றால், சிசுவின் இதயம் முதல் 8 வாரங்களிலேயே உருவாகிவிடுகிறது; அப்போது சர்க்கரை கூடியிருந்தால் அதைப் பாதிக்கலாம்.