அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும்

வீட்டு முற்றத்தில் இரண்டு குழந்தைகள் குச்சிகளை அடுக்கி விளையாடுகிறார்கள். படம் பல வண்ணங்களில் அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது. 1885ஆம் ஆண்டு அமெரிக்காவின் அல்பனி நகரிலிருந்து வெளிவந்த இந்தச் சிறிய அட்டை, பல்வலி மருந்துக்கான விளம்பரமாகும். மருந்தின் விலை 15 காசு. அதன் பெயரிலேயே 'கொக்கேய்ன்' என்ற சொல் இருக்கிறது!

இன்று நமக்கு அதிர்ச்சி தரும் அந்தச் சொல், அன்று புதிய கண்டுபிடிப்பின் பெயர். அது வலியை மரத்துப்போகச் செய்யும் என்பதை மருத்துவர்கள் அப்போதுதான் அறிந்து வியந்திருந்தார்கள். அதற்கு அடிமையாகும் ஆபத்தைப் பொதுமக்கள் உணரவில்லை.

அக்காலத்தில் வண்ண அச்சு மலிவானது. வீட்டில் வண்ணப்படங்கள் அரிதாக இருந்ததால், கடைகளில் இலவசமாகக் கிடைத்த இத்தகைய அட்டைகளைச் சிறுவர்களும் பெண்களும் ஆசையோடு சேகரித்து ஏடுகளில் ஒட்டி வைத்தார்கள். முன்பக்கத்தில் பூக்கள், பூனைக்குட்டிகள், சிரிக்கும் குழந்தைகள்; பின்பக்கத்தில் அந்த மருந்து தீர்க்கும் நோய்களின் நீண்ட பட்டியல். மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் இராது.

இவற்றைக் 'காப்புரிமை மருந்துகள்' என்று அழைத்தது வேடிக்கைதான். காப்புரிமை பெற வேண்டுமானால் செய்முறையை வெளியிட வேண்டும். ஆகவே, பல வணிகர்கள் மருந்தின் பெயரை மட்டும் பதிவுசெய்துவிட்டு, செய்முறையை இரகசியமாகவே வைத்துக்கொண்டார்கள்.

திருமதி வின்ஸ்லோவின் மருந்து இதற்குத் தக்க சான்று. தாயும் சேயும் கொஞ்சி மகிழும் படங்களோடு அதன் அட்டைகள் வெளிவந்தன. பல் முளைக்கும்போது அழும் குழந்தைக்கு அதைப் புகட்டினால் அழுகை அடங்கும். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று தாய்மார்கள் நம்பினார்கள். உண்மையில் குழந்தையை உறங்க வைத்தது அதிலிருந்த மோர்ஃபின் எனும் போதைப்பொருள். சில குழந்தைகள் அந்த உறக்கத்திலிருந்து விழிக்கவே இல்லை.

1905ஆம் ஆண்டு சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற செய்தியாளர், 'காலியர்ஸ்' வார இதழில் இம்மருந்துகளின் மோசடியைத் தொடர்கட்டுரைகளாக எழுதினார். மறு ஆண்டே அமெரிக்காவில் தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் இம்மருந்துகளைத் தடை செய்யவில்லை. மது, மோர்ஃபின், அபின், கொக்கேய்ன் போன்றவை கலந்திருந்தால் அவற்றின் பெயரையும் அளவையும் புட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்றது. அதன்பின், குழந்தைகளுக்கான அந்த மருந்துப் புட்டியிலும் 'மோர்ஃபின்' என்ற சொல் இடம்பெற்றது.