வாங்கியதைத் திருப்பித் தராத காற்று

நம்பிக்கை: போகும்போது எதிர்காற்றில் இழந்த நேரம், வரும்போது பின்காற்றில் சரியாகிவிடும்.

உண்மை: சரியாகாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லண்டனிலிருந்து நியூயார்க் ஏறக்குறைய 5,500 கி.மீ. வகுக்க வசதியாக 5,400 என்று கொள்வோம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. காற்றே இல்லையென்றால் போக 6 மணி நேரம், வர 6 மணி நேரம், ஆக 12.

இப்போது மேற்கிலிருந்து கிழக்காக 180 கி.மீ. வேகத்தில் காற்று வீசட்டும். நியூயார்க் போகும்போது தரைவேகம் 720 ஆகக் குறைகிறது. ஏழரை மணி நேரம். திரும்பும்போது 1,080, 5 மணி நேரம். மொத்தம் பன்னிரண்டரை. அரை மணி நேரம் எங்கே போயிற்று? எதிர்காற்றோடு ஏழரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம், பின்காற்றின் தயவோ 5 மணி நேரம்தான். காற்றின் அளவு ஒன்றுதான்; அதில் நாம் இருக்கும் நேரம் ஒன்றல்ல.

720-ஐயும் 1,080-ஐயும் கூட்டிப் பாதியாக்கி, சராசரி 900 என்று எழுதும் பிள்ளைகளுக்குச் சிவப்புக் கோடு போடுகிறோம். ஏன் தப்பு என்பதையும் சொல்ல வேண்டும். 10,800 கி.மீ. தூரத்தைப் பன்னிரண்டரை மணி நேரத்தால் வகுத்தால் வருவது 864. இன்னும் சந்தேகம் இருந்தால், காற்றின் வேகமும் 900 என்று வைத்துப் பாருங்கள். விமானம் அந்தரத்தில் நின்றுவிடும். திரும்பி வரும் பேச்சுக்கே இடமில்லை.

நம்பிக்கை: பூமி கிழக்கே சுழல்வதால், மேற்கே போனால் ஊர் சீக்கிரம் வந்துவிடும்.

உண்மை: வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. லண்டனில் காலை 11 மணிக்கு ஏறி, நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்குபவருக்கு 3 மணி நேரத்தில் வந்துவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் 8 மணி நேரம் பறந்திருக்கிறார். மீதி 5 மணி இரு ஊர்க் கடிகாரங்களின் வித்தியாசம்.

நம்பிக்கை: 2020 பிப்ரவரியில் ஒரு பயணிகள் விமானம் ஒலியை முந்தியது.

உண்மை: சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்தது மெய். தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தொட்டது. ஆனால் ஒலியோடு ஒப்பிட வேண்டியது, சுற்றியுள்ள காற்றுக்குள் விமானம் போகும் வேகத்தை. அது வழக்கம்போலத்தான் இருந்தது. ஜெட் ஸ்ட்ரீம் என்னும் காற்றாறு அந்த விமானத்தைச் சுமந்துவந்தது. மேற்கே போகும் விமானங்கள் அந்த ஆற்றை விட்டு ஒதுங்கி, சுற்றுவழியில் போவதுண்டு. தூரம் கூடும், நேரம் குறையும்.