நேற்றே அனுப்பியாயிற்று, 'ஹேட்' எதற்கு?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் மெயில் எழுதியாக வேண்டும். சாய நிறத்துக்கு ஒப்புதல் வாங்க அனுப்பும் துண்டுத் துணிகளைப் பற்றி, 'வி ஹேட் சென்ட் த லேப் டிப்ஸ் லாஸ்ட் மண்டே' என்று எழுதினேன். 'ஏன், அப்புறம் என்ன ஆயிற்று? திரும்பி வந்துவிட்டதா?' என்று பதில் வந்தது. ஒன்றும் ஆகவில்லை, அனுப்பினோம், அவ்வளவுதான். இன்னொரு நாள், 'வி ஹேவ் டெஸ்பாட்ச்டு த சாம்பிள்ஸ் எஸ்டர்டே' என்று எழுதியதை எங்கள் மேனேஜர் திருத்தினார். காரணம் கேட்டால், 'எஸ்டர்டே வந்தா ஹேவ் வராதும்மா' என்பதோடு நிறுத்திக்கொண்டார். பள்ளியில் பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்தவள் நான். ஆனால் எந்த இடத்தில் எதைப் போடுவது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. விளக்குவீர்களா?
- வாசகி, திருப்பூர்

பதில்: மேனேஜர் சொன்ன விதி சரி. பையர் பதறியதும் நியாயம்தான். இரண்டு தவறும் உங்கள் அலட்சியத்தால் வந்தவை அல்ல. தமிழில் சரியாக யோசித்து அப்படியே ஆங்கிலத்தில் இறக்கியதால் வந்தவை. நம் ஊரில் படித்தவர்கள் அத்தனை பேரும் செய்வது இது. ஆங்கில மீடியத்தார் உட்பட.

நீங்கள் மனப்பாடம் செய்த கட்டத்தில் தப்பில்லை. அது பன்னிரண்டுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கிறது, அதுதான் கோளாறு. அலுவலக மெயிலில் நடந்து முடிந்ததைச் சொல்ல முக்கால்வாசி இடங்களில் சிம்பிள் பாஸ்ட் ஒன்றே போதும். பாஸ்ட் பர்ஃபெக்ட், அதாவது 'ஹேட்' போட்டு எழுதுவது, எப்போதாவது தேவைப்படும். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சிம்பிள் பாஸ்ட் ஏதோ சின்னப் பிள்ளைகள் எழுதுவது போலவும், 'ஹேட்' போட்டால் மரியாதையும் கனமும் கூடுவது போலவும் ஒரு நினைப்பு.

அந்த நினைப்புக்குக் காரணம் தமிழில் இருக்கிறது. 'நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்' என்று சொல்கிறோம். போனேன் என்றாலும் குற்றமில்லை. ஆனால் போயிருந்தேன் என்றால்தான் வாய்க்கு இயல்பாக வருகிறது. போய்விட்டு வந்தாயிற்று, இனி அங்கே நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்ற தொனி அதில் கிடைக்கிறது. தமிழில் அந்த 'இருந்தேன்' தனியாக நிற்கும், இன்னொரு வினையின் துணை அதற்குக் கட்டாயமில்லை. அதை 'ஐ ஹேட் கான் டு எ வெட்டிங் எஸ்டர்டே' என்று மாற்றினால், கேட்கிற ஆங்கிலேயர் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். ஆங்கில 'ஹேட்' இரண்டாவதாக ஒரு பழைய சம்பவத்தை எதிர்பார்க்க வைக்கும். அது நடப்பதற்கு முன்பே இது முடிந்திருந்தது என்று சொல்வதுதான் அதன் வேலை. உங்கள் பையர் 'அப்புறம் என்ன' என்று கேட்டது அதனால்தான். 'வி சென்ட் த லேப் டிப்ஸ் லாஸ்ட் மண்டே' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இதில் வியாபார ரீதியான ஆபத்தும் உண்டு. 'வி ஹேட் அப்ரூவ்டு த கலர்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால், அப்போது ஒப்புக்கொண்டோம், இப்போது நிலைமை வேறு என்ற சந்தேகம் தொனிக்கும்.

அப்படியானால் 'ஹேட்' எங்கே வேண்டும்? உங்கள் தொழிலிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பையர் போன் செய்கிறார். கார்ட்டன் பெட்டிகளைக் கட்டும் வேலையும் நடக்கிறது. 'வென் த பையர் கால்டு, வி பேக்டு த கார்ட்டன்ஸ்' என்றால், போன் வந்தது, அதன் பிறகு பெட்டி கட்டினோம். 'வென் த பையர் கால்டு, வி வேர் பேக்கிங் த கார்ட்டன்ஸ்' என்றால், போன் வந்தபோது வேலை பாதியில் இருந்தது, கட்டிக்கொண்டிருந்தோம். 'வென் த பையர் கால்டு, வி ஹேட் பேக்டு த கார்ட்டன்ஸ்' என்றால், போன் வருவதற்கு முன்பே கட்டி முடித்தாயிற்று. மூன்றிலும் பாதி வாக்கியம் ஒன்றேதான். மீதிப் பாதியில் வினையின் உருவம் மாற மாற, சரக்கின் கதையே மாறுகிறது. ஆர்டர் அளவை மாற்றச் சொல்லி பையர் பேசிய போன் அது என்றால், முதல் வாக்கியத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருப்பது பெரும் பணம். மாற்றத்தைக் கேட்ட பிறகு கட்டினீர்களா, கேட்பதற்கு முன்பே கட்டிவிட்டீர்களா என்பதில்தான் பொறுப்பு யாருடையது என்பது நிற்கிறது.

அதே சமயம், நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகும்போது 'ஹேட்' தேவையே இல்லை. துணி வந்தது, சோதித்தோம், கட்டிங்குக்கு அனுப்பினோம் என்று அடுக்கினால் மூன்றும் சிம்பிள் பாஸ்ட்தான். சொல்லிக்கொண்டே போய், சற்றுப் பின்னால் திரும்பி 'அதற்கு முன்பே' என்று ஒன்றைச் செருகும்போதுதான் 'ஹேட்' வரும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' போன்ற சொற்களே எது முதல், எது பிறகு என்று காட்டிவிட்டால் அதையும் விட்டுவிடலாம்.

இனி மேனேஜரின் விதி. 'ஹேவ்' சேர்ந்த வடிவத்துக்குப் பெயரே பிரசன்ட் பர்ஃபெக்ட்; பெயரில் பாஸ்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். காரியம் நடந்தது முன்பாக இருக்கலாம், ஆனால் பேச்சு இப்போதைய நிலையைப் பற்றியது. 'வி ஹேவ் டெஸ்பாட்ச்டு த சாம்பிள்ஸ்' என்றால் சாம்பிள் இப்போது எங்கள் கையில் இல்லை, வழியில் இருக்கிறது, எதிர்பாருங்கள் என்று பொருள். எப்போது அனுப்பினோம் என்பது அங்கே பேச்சில்லை. 'எஸ்டர்டே' என்று தேதியைச் சேர்த்த உடனே பேச்சு நேற்றைக்குப் போய்விடுகிறது. 'ஹேவ்' அங்கே ஒட்டாது. 'லாஸ்ட் வீக்', 'டூ டேஸ் எகோ', 'இன் 2019' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எப்போது என்று கேட்கும் 'வென்' வந்தாலும் அப்படியே: 'வென் டிட் யூ ரிசீவ் இட்?' என்றுதான் கேட்க வேண்டும்.

தமிழ் இதில் தாராளம். '2019-இல் டெல்லிக்குப் போயிருக்கிறேன்' என்றால் யாரும் திருத்தமாட்டார்கள். நமக்குப் போயிருக்கிறேன் என்பது அனுபவம் உண்டு என்பதற்கான சொல், தேதியும் பக்கத்தில் உட்காரலாம். ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத்தான் அனுமதிக்கும். ஒரு நுணுக்கமும் உண்டு. 'திஸ் மார்னிங்' என்பதற்கு, காலை பதினொரு மணிக்கு எழுதினால் 'ஹேவ்' போடலாம், ஏனென்றால் காலை இன்னும் முடியவில்லை. மாலை நான்கு மணிக்கு எழுதினால் சிம்பிள் பாஸ்ட்தான்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் திருத்திக்கொள்ளுங்கள். 'திங்கட்கிழமையிலிருந்து காத்திருக்கிறோம்' என்பதை 'வி ஆர் வெயிட்டிங் சின்ஸ் மண்டே' என்று எழுதுவது நம்மவர் வழக்கம். 'வி ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மண்டே' என்பதே சரி. அமெரிக்க பையர் 'டிட் யூ ஃபினிஷ் யெட்?' என்றும், பிரிட்டிஷ்காரர் 'ஹேவ் யூ ஃபினிஷ்டு யெட்?' என்றும் கேட்கக்கூடும். இரண்டும் அவரவர் ஊரில் சரி, குழம்ப வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். 'டிட் யூ ரிசீவ்டு?', 'இட் டிட் நாட் கேம்' என்று எழுதும் பழக்கம். 'டிட்' வந்துவிட்டால் கடந்தகாலத்தை அது சுமந்துகொள்ளும், பின்னால் வரும் வினை மூல உருவத்துக்குத் திரும்பிவிட வேண்டும். தமிழ் நம்மைக் கெடுக்கிறது என்று இதுவரை சொன்னேன். இங்கே தமிழே கைகொடுக்கிறது. 'நேற்று வரவில்லை' என்கிறோம், வந்தவில்லை என்று சொல்வதில்லை. 'வர' என்பதில் காலமே கிடையாது. 'டிட் நாட் கம்' என்பதும் அதே கட்டுமானம்தான். எதிர்மறை எழுதும்போது 'வரவில்லை'யை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். கேள்விக்கு மட்டும் இந்த உதவி கிடைக்காது, 'வந்ததா' என்பதில் காலம் வினையிலேயே ஒட்டியிருக்கிறது. அதனால்தான் நம்மவர்களுக்குக் கேள்வி வாக்கியத்தில் அதிகம் சறுக்குகிறது.

பழைய பழக்கத்தைச் சொல்வதிலும் இரண்டு மொழிகளும் ஒத்துப்போகின்றன. 'சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவேன்' என்று எதிர்கால வினையைப் போட்டுப் பழங்கதை பேசுகிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் 'ஐ வுட் கோ டு த ரிவர் எவ்ரிடே' என்பது ஏறக்குறைய அதுவேதான். 'ஐ யூஸ்டு டு கோ' என்றும் சொல்லலாம். ஆனால் 'யூஸ்டு டு' என்றால் இப்போது அந்தப் பழக்கம் இல்லை என்று பொருள். தினமும் ஒன்பது மணிக்கு ஆபீஸ் வருகிறவர் 'ஐ யூஸ்டு டு கம் அட் நைன்' என்றால், வேலையை விட்டுவிட்டீர்களா என்று கேட்பார்கள்.

கடந்தகால உருவம் எல்லா இடத்திலும் கடந்தகாலத்தைக் குறிக்காது என்பதையும் மறக்காதீர்கள். 'இஃப் வி ஹேட் மோர் டைம்' என்பதில் போன காலமே இல்லை. நேரம் இல்லை என்ற ஆதங்கம்தான் இருக்கிறது. தமிழிலும் 'நேரம் இருந்தால்' என்கிறோம், அதற்குள் 'இருந்த' ஒளிந்திருக்கிறது. 'ஐ வான்டெட் டு ஆஸ்க் யூ சம்திங்' என்பது பணிவு. எதிரே நின்றுகொண்டே 'ஒண்ணு கேட்கலாம்னு வந்தேன்' என்று நாம் சொல்வதுபோல.

வினைகளின் மூன்று உருவங்களுக்கு மட்டும் மனப்பாடத்தைத் தவிர வேறு வழி கிடையாது. 'கோ' எப்படி 'வென்ட்' ஆயிற்று என்று காரணம் தேடினால், 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் கடந்தகால உருவம் அதோடு வந்து ஒட்டிக்கொண்ட பழைய கதைதான் கிடைக்கும். அதைத் தெரிந்துகொண்டு எழுதப் போவது ஒன்றுமில்லை. 'புட்', 'கட்', 'ஹிட்' மாறவே மாறாதவை. உங்கள் துறைக்கென்று ஒரு விசித்திரம்: ஒரு சட்டைக்கு நான்கு டாலர் ஆயிற்று என்றால் 'இட் காஸ்ட் ஃபோர் டாலர்ஸ்', மாறாது. ஆனால் காஸ்டிங் போட்டோம், அடக்கவிலை கணக்கிட்டோம் என்றால் 'வி காஸ்டெட் த கார்மென்ட்' என்பது முறையான ஆங்கிலம்.

கடைசியாக உச்சரிப்பு. மெயிலில் தப்பித்தாலும் போனில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 'ஷிப்ட்', 'பேக்ட்', 'செக்ட்', 'வாஷ்ட்' ஆகியவற்றின் முடிவில் வருவது வல்லின 'ட்' ஒலி மட்டுமே. 'ஷிப்பெடு', 'பேக்கெடு' என்று நீட்டக்கூடாது. 'கன்ஃபர்ம்டு', 'ரிசீவ்டு' போன்றவற்றில் மெல்லிய 'டு'. 'பிரின்டெட்', 'நீடெட்' என்று முழு அசையாக ஒலிப்பது, மூல வினையே அந்த வல்லின 'ட்' அல்லது மெல்லிய 'டு' ஒலியில் முடியும்போது மட்டும்தான். நீட்டுவதைவிட மோசமானது அந்தக் கடைசி ஒலியை விழுங்குவது. 'வி ஷிப்ட்' என்பது 'வி ஷிப்' என்று அவர் காதில் விழுந்தால், சரக்கு போய்விட்டதா, இனிமேல்தான் போகுமா என்பது அவருக்குத் தெரியாது. போனில் பேசும்போது வினையை மட்டும் நம்பாமல், அனுப்பிய தேதியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.