எங்கள் ஊர்ப் பெண்கள்: அன்றும் இன்றும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

“அன்று பெண்கள் அடுப்படியில் அடைந்து கிடந்தனர், இன்று வெளியே வந்து வேலைக்குச் செல்கின்றனர்.” பேச்சுப் போட்டிகளில் நாம் அடிக்கடி முழங்கும் வரி இது. சென்ற ஆண்டு நானும் இதை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்த என் பாட்டி சிரித்துவிட்டார். “நாங்க எப்ப தாயி வீட்டுக்குள்ள கெடந்தோம்? எட்டு வயசுலயே வேலைக்குப் போயிட்டோம்” என்றார். அந்தச் சிரிப்புதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

பாட்டியின் காலம்

நம் மாவட்டம் மழை குறைந்த வறண்ட பூமி. 1922-ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பின்னர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் இங்கே செழித்தன. பல குடும்பங்களின் பசி தீர்ந்தது. ஆனால் அந்தத் தொழிலில் பெண்களின் கைகளோடு பிஞ்சுக் கைகளும் சேர்ந்து உழைத்தன.

விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஒலி எழுப்புமாம். தூக்கக் கலக்கத்தில் தூக்குச்சட்டியோடு ஏறுவாராம் பாட்டி. பகலெல்லாம் கட்டை அடுக்குவது, இரவில் வீட்டில் பெட்டி ஒட்டுவது. கூலி குரோசுக் கணக்கில்; ஒரு குரோசு என்றால் 144 பெட்டி. எத்தனை குரோசு சொன்னாலும் பாட்டி மனக்கணக்கிலேயே பெட்டிக் கணக்கைச் சொல்லிவிடுவார். ஆனால் தம் பெயரை எழுத அவருக்குத் தெரியாது.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் அவருடைய சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு. பாட்டியின் தந்தை இறந்தபின் உறவினர்கள் அவரைப் பத்திரப் பதிவுக்கு அழைத்துச் சென்றனர். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது என்பது அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. உழைக்கத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாததால் நேர்ந்த இழப்பு இது.

மாற்றம் வந்த வழி

விருதுநகர் பெற்றெடுத்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசிக்காக வேலைக்குச் சென்ற பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வர அது வழி செய்தது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்தால் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழில்களில் 18 வயது வரை யாரையும் சேர்க்கக் கூடாது என்று 2016-இல் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. பதினைந்து வயதான நான் இன்று பட்டாசுக் கொட்டகையில் இல்லாமல் வகுப்பறையில் அமர்ந்திருப்பதற்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

ஆகவே, மற்ற ஊர்களில் பெண் வேலைக்குப் போனது முன்னேற்றம் எனலாம். எங்கள் ஊரில் சிறுமி வேலைக்குப் போகாமல் நின்றதே முன்னேற்றம்!

மாறியதும் மாறாததும்

ஆட்டுக்கல் இருந்த இடத்தில் கிரைண்டர் வந்துவிட்டது. தாவணி போய்ச் சுடிதார் வந்தது. சைக்கிள் ஓட்டவே தயங்கிய ஊரில் அக்காமார் ஸ்கூட்டரில் செல்கின்றனர். பெண்களின் திருமணத்துக்கு அரசு அளித்து வந்த உதவி, 2022-இல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறியது. தாலிக்குத் தங்கம் தந்த இடத்தில் படிப்புக்குப் பணம் என்பது எவ்வளவு பெரிய மாற்றம்!

ஆனால் மாறாதவையும் உண்டு. 1961-இலேயே வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வந்தும் ‘எத்தனை பவுன்?’ என்ற கேள்வி ஓயவில்லை. என் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பட்டாசு ஆபீஸில் தாள் குழாய் உருட்டுகிறார். மாலை வந்ததும் அடுப்படி வேலை காத்திருக்கிறது. அண்ணன் தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை. 2012-இல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றுமுதல் எங்கோ ‘டமார்’ என்று சத்தம் கேட்டாலும் பாட்டி வாசலுக்கு ஓடி வந்து அம்மா வரும் பாதையைப் பார்க்கிறார்.

எதைக் காப்போம்?

‘படித்தால் பண்பாடு கெடும்’ என்று இன்றும் சிலர் கூறுகின்றனர். நம் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த ஆண்டாளைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்தார் என்பது வழிவழி வந்த வரலாறு. அந்த மகள் திருப்பாவையும் நாச்சியார் திருமொழியும் பாடி, பன்னிரு ஆழ்வார்களுள் ஒரே பெண்ணாக விளங்குகிறார். பெண் தமிழ் கற்பதும் கவி பாடுவதும் நம் பழம்பெரும் மரபே.

வாசலில் கோலமிடுவதையும், வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதையும், முதியோரை மதிப்பதையும் காப்போம். சீதனப் பேரத்தையும், வாசிக்காமல் வைக்கும் கைநாட்டையும் களைவோம். கோலமிடுவது பெண்ணின் பண்பாடு என்றால், உண்ட தட்டைக் கழுவுவது ஆணின் பண்பாடாகட்டும்.

முடிவுரை

சென்ற மாதம் உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “பத்தாவது முடிஞ்சா போதாதா? பொம்பளப் பிள்ளைக்கு மேல எதுக்குப் படிப்பு?” என்றார். நான் பதில் சொல்லத் துணியவில்லை. அம்மாவும் தலைகுனிந்து நின்றார். பாட்டிதான் தம் கட்டை விரலை நீட்டிக் காட்டி, “இந்த வெரலு எங்களோட போகட்டும்யா. அவ படிக்கட்டும்” என்றார்.

அன்புப் பெற்றோரே! உங்கள் வீட்டுப் பெண் பத்தாம் வகுப்போடு நிற்க வேண்டாம். அன்புத் தோழியரே! பேச்சுப் போட்டிக்கு எழுதுமுன் உங்கள் பாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். நான் இப்போது மாலைதோறும் பாட்டிக்கு எழுதக் கற்றுத் தருகிறேன். முதல் எழுத்து கொஞ்சம் கோணல்தான்; ஆனால் அது அவருடைய சொந்தக் கையெழுத்து!