தலைப்பன்னிக்கேற்ற விரியலாக்கியைத் தெரிதல்

இசையைத் தனித்திருந்து நுணுகிக் கேட்க விழைவோர் இக்காலத்திற் பலராயினர். அவருட் சிலர் பழைய மோட்டார் சைக்கிளொன்றின் விலையை ஒத்த பணங் கொடுத்து உயர்தரத் தலைப்பன்னியொன்றைப் பிறநாட்டிலிருந்து தருவிக்கின்றனர். தருவித்தபின், அதனை இயக்குதற்கு எந்த விரியலாக்கி இனிமையாக ஒலிக்கும் என எம்மை வினவுகின்றனர். எந்த விரியலாக்கி அதனை எரிக்காது, எம் செவியைக் கெடுக்காது என முதலிற் கேட்டவரை யாம் இன்னுங் கண்டிலோம்.

ஈண்டுத் தலைப்பன்னி என்றது ‘ஹெட்போன்’ என யாவரும் வழங்குவதனை. விரியலாக்கி என்றது ‘அம்பிளிபயரை’. தடை, தடங்கல், வலு, நயம் முதலிய ஏனைச் சொற்கள் நம் பௌதிக வகுப்பிற் பயின்றனவே. அவற்றை மறந்துவிட்ட பழைய மாணவர் தம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பாராக.

முதலில் எம் பிழையொன்றைச் சொல்லிவிடுகின்றோம். இளமையில் யாம் 9 வோல்ற்றுப் பற்றரி இரண்டைக் கொண்டு சிறு விரியலாக்கியொன்றைக் கட்டினோம். ஒரு பற்றரி நேர்ப்பக்கத்துக்கு, மற்றையது மறைப்பக்கத்துக்கு. இரண்டும் சந்திக்கும் இடம் பொதுமுனை. வெளியீட்டிலே திரான்சிற்றர்ச் சோடி. ஒருநாள் நண்பர் ஒருவரின் 32 ஓம் தலைப்பன்னியை மாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கையில் ஒரு பற்றரியின் பிடி கழன்றது. ‘டப்’ என்றோர் ஓசை. பின்னர் இடப்பக்கத்தில் மௌனம். சற்றே கருகிய மணம். ஒரு பக்கத்து வழங்கல் அற்றதும் வெளியீடு மற்றைப் பக்கத்து வோல்ற்றளவை நோக்கி ஓடிவிட்டது. அது 7 வோல்ற்றளவே இருந்திருக்கும். ஆயினும் வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடையால் வகுத்துப் பாருங்கள்: 49-ஐ 32 ஆல் வகுக்க ஒன்றரை வாற்று வரும். மயிரிழையினும் மெல்லிய கம்பிச் சுருளில் ஓயாது பாயும் ஒன்றரை வாற்று முழுவதும் வெப்பமாயிற்று. இசைக்கு அதில் ஓர் அணுவும் பயன்படவில்லை.

இதனாற் பெறப்படுவது யாதெனின், தலைப்பன்னிக்கு முதற் பகை பேரொலியன்று, நேரோட்டமே என்பது. இசையென்பது ஆடலோட்டம்; மென்றகடு முன்னும் பின்னும் ஆடும். நேரோட்டமோ அதனை ஒருபுறம் தள்ளி அங்கேயே நிறுத்திச் சூடாக்கும். ஆகவே ஒரு விரியலாக்கியை வாங்குமுன், அது நன்றாக இயங்கும்போது யாது செய்யும் எனக் கேட்பதனோடு, அதன் உறுப்பொன்று கெடும்போது யாது செய்யும் எனவுங் கேட்டல் வேண்டும். 2011 ஆம் ஆண்டில், தம் இயற்பெயரை வெளியிடாத வடிவமைப்பாளர் ஒருவர் ‘ஓ2’ என்னும் மலிவான விரியலாக்கியின் முழு வரைபடத்தையும் யாவரும் கட்டிக்கொள்ளுமாறு வெளியிட்டார். அதுவும் இரண்டு 9 வோல்ற்றுப் பற்றரிகளால் இயங்கக்கூடியதே. ஆனால் ஒரு பக்கம் தளர்ந்தாலும் அற்றாலும் இரு பக்கங்களையும் ஒருங்கே துண்டித்துவிடும் காவற்சுற்றொன்றை அவர் அதனுள் வைத்தார். எம் பெட்டியில் இல்லாதுபோனது அச்சுற்றுத்தான்.

இக்காலத்து நல்ல விரியலாக்கிகள் பலவற்றில் வெளியீட்டு வழியில் ‘றிலே’ ஒன்று இருக்கும். ஆளியைப் போட்டுச் சில செக்கன்கள் கழித்து அது ‘கிளிக்’ என்று மூடித் தலைப்பன்னியை இணைக்கும். நேரோட்டம் தோன்றினால் திறந்துவிடும். இருக்கிறதா என்று விற்பனையாளரைக் கேட்பதிலும் பன்மானியைக் கேட்பதே நன்று. தலைப்பன்னிக்குப் பதிலாக 33 ஓம் தடையொன்றை வெளியீட்டில் மாட்டிப் பன்மானியை நேரோட்ட மில்லிவோல்ற்று வீச்சில் வைத்து, ஒலியளவுக் குமிழை அடியிலும் நடுவிலும் உச்சியிலும் நிறுத்தி, இடம் வலம் இரண்டையும் அளந்து பார்க்க. 20 மில்லிவோல்ற்றுக்கு உட்பட்டதாயின் அஞ்சவேண்டியதில்லை. 50-ஐத் தாண்டினால் யாம் அதனை வாங்கோம். ஆளியைப் போடும்போதும் நிறுத்தும்போதும் மானி யாது காட்டுகிறதென்பதையும் கவனிக்க. சில கருவிகள் ஓடும்போது சாதுவாயிருந்து, நிறுத்துங் கணத்தில் வோல்ற்றுக் கணக்கில் உதைக்கும்.

வால்வு விரியலாக்கிகளை விரும்புவோர்க்குத் தனியே ஒரு சொல். வெளியீட்டு நிலைமாற்றி இல்லாத வகையில், வால்வின் கதோட்டில் 100 வோல்ற்றளவான நேரழுத்தம் நிற்கும். அதற்கும் உங்கள் காதுக்கும் இடையே நிற்பது ஒரு கொள்ளளவியே. வால்வுகள் சூடேறுகையில் அக்கொள்ளளவி மின்னேற்றம் பெறும். அவ்வேற்றம் தலைப்பன்னியினூடாகவே செல்லும். ஆதலின் ஆளியைப் போட்டு ஒரு நிமிடமாவது கழித்தபின்னரே தலைப்பன்னியைச் செருகல் வேண்டும்; நிறுத்துமுன் கழற்றிவிடல் வேண்டும். அக்கொள்ளளவி ஒலியையும் தீர்மானிக்கின்றது. 100 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி 300 ஓம் தலைப்பன்னியோடு சேர்ந்தால் ஏறக்குறைய 5 ஏட்சுக்குக் கீழேதான் ஒலி தளரும். அதனாற் செவிக்கு நட்டமில்லை. அதே பெட்டியில் 32 ஓம் தலைப்பன்னியை மாட்டினால் 50 ஏட்சிலேயே தளரத் தொடங்கும். மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துவிடும். ஒருவர் புகழ்ந்த பெட்டியை மற்றொருவர் இகழ்தற்குக் காரணம் இரசனை வேறுபாடன்று, தலைப்பன்னி வேறுபாடு.

இனி வலுவைப் பார்ப்போம். இங்கேதான் விளம்பரங்கள் மயக்குகின்றன. சென்ஹைசர் நிறுவனத்தார் 2003 இல் வெளியிட்ட எச்.டி. 650 என்னும் தலைப்பன்னி 300 ஓம் தடங்கலுடையது. 1 வோல்ற்றுக்கு 103 தெசிபெல் ஒலிக்கும் என்பது அவர் கூற்று. ஹைபைமான் நிறுவனத்தாரின் எச்.ஈ. 6 தட்டைச் சுருள் வகை, 50 ஓம், 1 மில்லிவாற்றுக்கு 83.5 தெசிபெல். ஒன்று வோல்ற்றுக்கு, மற்றையது மில்லிவாற்றுக்கு என்பதை நோக்குக. இரு வேறு முழக்கோல்களால் அளந்த நீளங்களை அப்படியே ஒப்பிடலாகாது. 300 ஓமில் 1 வோல்ற்று என்பது 3.3 மில்லிவாற்று. எனவே எச்.டி. 650 ஐ மில்லிவாற்றுக் கணக்கிற் சொன்னால் 98 தெசிபெல்லுக்குச் சற்றே குறையும்.

இசையின் கணநேர உச்சங்கள் 110 தெசிபெல்லை எட்டவேண்டும் எனக் கொள்வோம். எச்.டி. 650 க்கு இன்னும் 7 தெசிபெல் வேண்டும், அஃதாவது 2.24 வோல்ற்று. வலு 17 மில்லிவாற்று. ஓட்டம் ஏழரை மில்லியம்பியர். எச்.ஈ. 6 க்கோ 26.5 தெசிபெல் கூடவேண்டும். வலு ஏறக்குறைய 450 மில்லிவாற்று, 4.7 வோல்ற்று, 95 மில்லியம்பியர். ஒன்றுக்குக் கையடக்கக் கருவியே போதியதாக, மற்றையது இருபத்தாறு மடங்கு வலுவைக் கேட்கின்றது. இதனை அறியாதார், தடங்கல் கூடிய தலைப்பன்னிதான் ‘கடினமானது’ என்று பேசுவர். அது வோல்ற்றளவைக் கேட்குமேயன்றி ஓட்டத்தைக் கேளாது.

வலு மிகுந்திருப்பின் நன்மைதானே எனின், அன்று. எச்.ஈ. 6 போன்றவற்றைச் சிலர் ஒலிபெருக்கிக்கான விரியலாக்கியிலே நேரே பூட்டுகின்றனர். பல பத்து வாற்று வழங்கவல்ல பெட்டியில் கை தவறிக் குமிழ் திரும்பினாற் சுருளும் செவியும் ஒருங்கே போகும். நயமும் அவ்வாறே. சீடி இயக்கி முதலியவற்றின் வெளியீடு வழக்கமாக 2 வோல்ற்று. அதனை எச்.டி. 650 க்குப் போதியதாக்க நயம் 1 க்குச் சற்று மேலிருந்தாலே அமையும். பதிவு மெலிதானால் 2 அல்லது 3. நயம் 10 உள்ள பெட்டியில் உணர்திறன் மிக்க தலைப்பன்னியை மாட்டுவோர் குமிழை அடியிலேயே வைத்திருக்க நேரும். அவ்விடத்திற் குமிழின் இரு பக்கங்களும் ஒத்திருப்பதில்லை. பாடகர் ஒருபுறம் சாய்ந்து நின்று பாடுவார். இரைச்சலும் கேட்கும்.

ஒலியின் நன்மைக்கு எம் கணிப்பில் முதன்மையானது வெளியீட்டுத் தடங்கல். 1996 இல் வெளிவந்த சருவதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமம் இதற்கு 120 ஓமைக் குறித்தது. அதனைப் பின்பற்றிய கருவிகள் இன்றும் உள. எச்.டி. 650 இன் தடங்கல் எல்லா மீடிறன்களிலும் 300 ஆக இருப்பதில்லை. மென்றகட்டின் பரிவு நிகழும் தாழ்ந்த மீடிறனில் ஏறக்குறைய 500 ஓமுக்கு உயரும். 120 ஓம் வெளியீட்டிலே, 300 ஓம் இடத்தில் வோல்ற்றளவின் 71 சதவீதமும் 500 ஓம் இடத்தில் 81 சதவீதமும் தலைப்பன்னிக்குக் கிட்டும். ஆகத் தாழ்சுரம் ஒரு தெசிபெல் அளவில் தடித்து ஒலிக்கும். ‘வால்வின் வெதுவெதுப்பு’ எனப் பலர் மெச்சுவதில் ஒரு பகுதி இவ்வொரு தெசிபெல்லே என எண்ணுகின்றோம். அதை விரும்புதல் குற்றமன்று. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கிற் கொடுத்தல் வேண்டுமா என்பது கேள்வி. தட்டைச் சுருள் வகையின் தடங்கல் ஏறத்தாழ மாறாதது. அதனில் இவ்வேறுபாடு தோன்றாது. பொதுவில், வெளியீட்டுத் தடங்கல் தலைப்பன்னித் தடங்கலின் எட்டிலொன்றுக்கு மேற்படாதிருத்தல் நன்று. 32 ஓமுக்கு 4 ஓம். மேற்சொன்ன ஓ2 வில் அது அரை ஓமளவே.

திரிபு பற்றி நீளப் பேசவேண்டுவதில்லை. ஆயிரத்திலொரு பங்குக்குக் குறைந்த திரிபை இசையினிடையே பிரித்தறிவார் அரியர். அதற்கு அப்பாலுள்ள பூச்சியங்களை எண்ணுவது விற்பனையாளர்க்கே பயன்.

‘சமநிலை’ வெளியீடு இப்போது பெருவழக்காகி வருகின்றது. அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரு விரியலாக்கிகள் எதிரெதிராக உழைக்கும். மறைமுனையும் உயிருள்ள முனையே, புவியன்று. சாதாரண மூன்று முனைச் செருகியில் இரு பக்கத்து மறைமுனைகளும் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. அத்தகைய தலைப்பன்னியை மாற்றி ஒன்றின் துணையாற் சமநிலைக் குதையில் நுழைத்தால் இரு விரியலாக்கிகளின் வெளியீடுகள் குறுஞ்சுற்றாகும். அம்மாற்றிகள் கடைகளில் விற்கப்படுகின்றன என்பதே வியப்பு. நிலைமின் வகைத் தலைப்பன்னிகளோ முற்றும் வேறு. யப்பானிய ஸ்ராக்ஸ் நிறுவனத்தாரின் இன்றைய வகைகளின் மென்றகட்டுக்கு 580 வோல்ற்று நிலையழுத்தம் வேண்டும். அவற்றுக்கென அமைந்த பெட்டியோடன்றி வேறெதனோடும் விளையாடலாகாது.

நம் நாட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஏட்சு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி 120 வோல்ற்றுக்கு அமைந்ததாயிருக்கலாம். பின்புறத்துத் தகட்டைப் படியாமல் மாட்டலாகாது. உலோகப் பெட்டியாயின் அதன் மூன்றாம் முள் புவித்தொடுப்புக்குரியது. மூன்று துளைக் குதையின் மேற்றுளையிற் பேனாமுனையை நுழைத்து இரண்டு முட்செருகியைத் திணிக்கும் வழக்கம் எம் வீடுகளில் உண்டு. மின்னூட்டிய உலோகப் பெட்டியொன்றிலிருந்து தலைவரை ஒரு கம்பி செல்கின்றது என்பதை நினைந்தால் அவ்வழக்கம் நிற்கும்.

செவியைப் பற்றியும் கணக்கே பேசுக. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 தெசிபெல்லில் 40 மணித்தியாலத்தை எல்லையாகக் கொள்கின்றது. ஒவ்வொரு 3 தெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். ஆக 90 தெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணித்தியாலமே. மேலே யாம் கொண்ட 110 கணநேர உச்சத்துக்கேயன்றித் தொடர்ந்து கேட்பதற்கன்று. திரிபு குறைந்த நல்ல விரியலாக்கி இங்கே ஒரு கேடுஞ் செய்யும்: ஒலி கூடினாலும் கரகரப்பு எழாமையால், கூடியதே தெரியாது.

இவ்வளவும் தேறியபின் எஞ்சும் இரண்டு மூன்று பெட்டிகளுள் எது இனிது என்பதைச் செவியே தீர்க்கட்டும். ஆனால் அளவை ஒப்பாக்கியே கேட்டல் வேண்டும். அரைத் தெசிபெல் உரத்த பெட்டி ‘தெளிவானது’ என்றே தோன்றும். 300 ஏட்சு அளவான தனிச்சுரமொன்றை இட்டு, தலைப்பன்னி மாட்டியவாறே பன்மானியின் ஆடலோட்ட வீச்சில் இரு பெட்டிகளின் வோல்ற்றளவையும் நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாட்டுக்குள் கொணர்க. மலிவான மானிகள் உயர்ந்த மீடிறனிற் பிழைபடுமாதலின் 300 என்றோம். பின்னர் எது எதுவெனத் தெரியாதவாறு நண்பரொருவர் மாற்றிக் கொடுக்க, நன்கு பழகிய பாட்டொன்றைப் பத்து முறையேனும் கேட்டு, ஒவ்வொரு முறையும் எந்தப் பெட்டி எனத் தாளில் எழுதுக. யாம் இவ்வாறு செய்தபோது பத்தில் ஐந்தே சரியாயிருந்தன. விலை குறைந்த பெட்டியையே வைத்துக்கொண்டோம்.